கட்டத்துக்குள் எழுதியதைப் படிக்க வேண்டாம்

என் தங்கை மகள் யசோதா பெங்களூரில் கம்ப்யூட்டரில் கதை எழுதுகிறாள். சும்மா கதை இல்லை. நடுநடுவே நிறுத்தி, கதவைத் திறக்கலாமா, திரும்பிப் போகலாமா என்று படிக்கிறவரையே கேட்கிற கதை. நாம் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகும். போன பொங்கலுக்கு வந்தவள் இன்னொரு அதிசயமும் சொன்னாள். எழுதுகிறவர் தனக்குத்தானே குறிப்பு எழுதிக் கதைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமாம். 'இந்த ஆளிடம் சாவி கிடையாது, மறக்காதே' என்கிற மாதிரி. கம்ப்யூட்டர் அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடும், படிக்கிறவர் கண்ணில் படவே படாதாம். ஏதோ இவர்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை.

அறுபதுகளில் கோலார் தங்கவயலில் நான் இதே வேலையைத்தான் பார்த்தேன் என்றேன். நம்பவில்லை. ஒரே வித்தியாசம், எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, தானியேல் இருந்தார். அவர் எந்த வரியையும் தாண்டமாட்டார்.

அதே வாரம் ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. மலர் போடுகிறோம், பாதுகாப்புப் பிரிவில் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது நான் பரிசாக வாங்கிய வெள்ளி டம்ளரின் கதை. டம்ளர் இருக்கிறது. என் மனைவி அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையும் சின்னதுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அப்பா கூட்டிக்கொண்டு போய் டைம் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். அனுபவம் வரட்டும் என்று கொஞ்ச காலம் சுரங்கத்துக்குக் கீழே அனுப்பினார்கள். அனுபவம் வந்தது, கூடவே இருமலும் வந்தது. பையனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, தமிழும் இங்கிலீஷும் வருகிறது என்று யாரோ கண்டுபிடித்து, மேலே பாதுகாப்புப் பிரிவில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். அத்தோடு என் பயிற்சி முடிந்தது.

எங்கள் சேஃப்டி ஆபீசர் பெயர் கோபிநாத் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தப் பேச்சையும் 'ஐடியலி' என்றுதான் ஆரம்பிப்பார். ஐடியலி கயிறு அறாது, ஐடியலி கல் விழாது, ஐடியலி தொழிலாளி கவனமாக இருப்பான். அவருடைய சுரங்கத்தில் தங்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைத்தது இந்த ஐடியலிதான். கீழே இறங்குவதென்றால் அவருக்கென்று வெள்ளை பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அது வெள்ளையாகவே இருந்தது.

என்ன எழுதிக் கொடுத்தாலும் அவர் படிக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் டையின் நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு சிவப்பு பென்சிலைச் சீவுவார், ஏற்கெனவே கூராக இருந்தாலும் சீவுவார். ஒரு பெப்பர்மிண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். படித்து முடித்ததும் ஜன்னல் வழியே ஷாப்டின், அதாவது சுரங்கக் குழியின், மேலே சுழலும் பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார். இதில் தப்பு யார் மேல்? தொழிலாளி மேல் சார் என்றால் கையெழுத்து விழும். வேறு யார் மேலாவது என்றால் இன்னொரு பெப்பர்மிண்டு எடுப்பார், காகிதம் என் மேசைக்குத் திரும்பி வரும்.

வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்துக்கு நாடகம் போடுவது என் பொறுப்பு. பழைய நாடகங்களில் ஹெல்மெட் போட்டவன் பிழைப்பான், போடாதவன் சாவான், நடுவில் ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பாட்டு. டீயும் பன்னும் கொடுத்து முடிக்கிறவரை ஜனங்கள் இருப்பார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மேடையில் ஒருவன் தப்பான பக்கம் போனால் மட்டும் சபையே எழுந்து, அங்கே போகாதே என்று அவனைத் திட்டியது. சரி, இவ்வளவு ஆசை இருக்கிறதே, இவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

அப்படித்தான் என் கிளைபிரியும் நாடகம் பிறந்தது. முக்கியமான இடத்தில் கதை நிற்கும். ஒரு வழிக்கு ஒரு கைதட்டு, இன்னொரு வழிக்கு இரண்டு கைதட்டு. எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சுரங்கத்துக்குள் ஆளையும் கல்லையும் கொண்டுபோகிற கூண்டு ஏறுவதும் இறங்குவதும் எத்தனை முறை மணி அடிக்கிறது என்கிற கணக்கில்தான் நடக்கும். தொட்டில் குழந்தைக்கும் மூன்று முறை மணி அடித்தால் கூண்டில் ஆள் ஏறுகிறான் என்று தெரியும். எந்தத் தட்டு பலமோ அந்த வழியின் தாள்களை எடுத்து நாடகத்தைத் தொடர்வோம். ஒரு வழிக்கு வெள்ளை நூல், இன்னொன்றுக்குச் சிவப்பு நூல் கட்டியிருப்பேன். ஒவ்வொரு கேள்விக்கும் கதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் முடிவதற்கு மூன்று ஷிப்டு ஆகும். அதனால் கிளைகளைக் கொஞ்சம் தூரம் விட்டு, மடக்கி, பழைய பாதைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுவேன்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. ஜனங்கள் வேண்டுமென்றே தப்பான வழிக்குத்தான் கைதட்டினார்கள். காரணம் லாசர். சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்த லாசர்தான் எங்கள் கதாநாயகன், அவன் சாகிற அழகைப் பார்க்கத்தான் கூட்டமே வந்தது. புத்தி வரவில்லையே என்று ஆபீசர் வருத்தப்பட்டார். டிக்கெட் வைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

நடிகர்கள் எல்லாரும் ஷிப்டு ஆட்கள். வசனம் மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று நான் ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுப்பேன். அவர்கள் அதை வாங்கி, உணர்ச்சியைச் சேர்த்து, சபைக்கு விடுவார்கள். என்ன சொல்கிறோம் என்று யோசிப்பது கிடையாது. யோசித்தால் அடுத்த வரி போய்விடும்.

நானே எழுதி நானே எடுத்துக்கொடுப்பதால் எனக்கு மட்டும் வேண்டிய குறிப்புகளை வசனத்துக்கு நடுவிலேயே எழுதிக்கொண்டேன். எந்த வழியில் வந்தால் யாருக்குக் காயம், யார் உயிரோடு, யாரிடம் விளக்கு என்பதெல்லாம் நினைவில் நிற்காது. 'இவன் போன காட்சியில் செத்துவிட்டான், மறுபடி பேசவைக்காதே.' 'சிவப்பு வழியில் வந்தால் இவனுக்கு ஹெல்மெட் கிடையாது.' சில குறிப்புகள் என் மன ஆறுதலுக்கு. 'இந்த வசனம் ஆபீசருக்காக, வேகமாகத் தாண்டிப் போ.' தவறி வாசித்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் சுற்றி அழகாகக் கட்டம் கட்டி வைப்பேன். மறைக்க வேண்டியதைக் கட்டம் கட்டி வைத்த புத்திசாலி என்று யசோதா சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஒரு வருஷம் பாதுகாப்பு வாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஷாப்டில் விபத்து நடந்தது. கல் ஏற்றுகிற டிரக்கை, அதாவது தண்டவாளத்தில் தள்ளுகிற இரும்புத் தொட்டி வண்டியை, கூண்டுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போது கூண்டு மேலே கிளம்பிவிட்டது. உள்ளே குனிந்து டிரக்கை வாங்கிக்கொண்டிருந்த லோகநாதனின் பாதம் நசுங்கியது. மணி அடித்தால்தான் கூண்டு கிளம்பும். மணி அடிப்பது பெல்மேன் முனிரத்தினத்தின் வேலை. விசாரணை இவ்வளவு சுலபமாக அமைவது அபூர்வம்.

விசாரணையில் முனிரத்தினத்திடம் கேட்டார்கள், மணி அடிப்பது யார் வேலை என்று. என் வேலை என்றார். அதை எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் காகிதத்தில் இடமில்லை. துணை ஆள் வராததால் பெல்மேன் தானே டிரக்கைத் தள்ளினான், அவசரப்பட்டு மணியும் அடித்தான் என்று அறிக்கை முடிந்தது. அன்றைக்கு மேற்பார்வை பார்த்த ஷிப்டு பாஸ், தான் தூரத்தில் விளக்கடியில் நின்றதாகச் சொன்னார். லோகநாதனுக்கு மணிச் சத்தம் கேட்டது, குனிந்திருந்ததால் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. முனிரத்தினத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நீக்குகிற உத்தரவு தயாராகி, புதிதாக வரப்போகிற சூப்பரிண்டெண்டின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்து விழுந்தால் வேலையோடு கம்பெனி கொடுத்த லைன் வீடும் போய்விடும்.

ஆபீசருக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த நிகழ்வையே நாடகமாகப் போட்டால் ஐடியலி எல்லாருக்கும் பாடமாக இருக்கும். விபத்து என்ற சொல்லை அவர் உபயோகிப்பதில்லை, அவருக்கு எல்லாமே நிகழ்வு. அறிக்கையை என்னிடம் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள் என்றார். முனிரத்தினம் மாரி ஆனார்.

சேதி லைன் வீடுகளுக்குப் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். மறுநாளே முனிரத்தினத்தின் மனைவி செல்லம்மா ஆபீஸ் வேலிப் பக்கம் வந்து நின்றார். நாடகத்தில் தன் கணவர் பெயர் வருமா என்று கேட்டார். வராது அம்மா, மாரி என்று மாற்றிவிட்டேன் என்று பெரிய உபகாரம் செய்த மாதிரி சொன்னேன்.

"மாரின்னு வச்சிட்டா ஜனங்களுக்கு யாருன்னு தெரியாதா வாத்தியாரே? அவரு மணி அடிக்கலன்னு சொல்றாரு. நீங்களாவது அவரக் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. எனக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள், கேட்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது. இப்படி ஏதோ சொல்லி அனுப்பினேன்.

ஒத்திகையில் லாசர்தான் மாரி. மரவேலை தெரிந்தவன், அதனால் டிரக்கையும் அவனே மரச்சட்டத்தில் பலகை அடித்து அசல் அளவுக்குச் செய்திருந்தான். ஒரு பக்கம் கூண்டின் கேட், அதன் தூணில் மணிக் கயிறு. கேட்டை ஒட்டி ஒரு ஆள் நிற்க இடம். டிரக் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், தள்ளுகிறவன் அதன் பின்னால். அசல் இடமும் அப்படித்தான், ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் பாறை. லாசர் டிரக்கைத் தள்ளினான். நான் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தேன், மாரி மணி அடிக்கிறான் என்று. லாசர் கையை நீட்டினான். எட்டவில்லை. டிரக்கின் மேல் படுத்து நீட்டினான். அப்போதும் எட்டவில்லை.

"இன்னா வாத்தியாரே, நானு தள்றதா, மணி அடிக்கிறதா? ரெண்டும் ஒண்ணா ஆவாது. அந்தாண்ட நிக்கிறவன்தான் அடிக்க முடியும்."

அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை என்றுதான் அறிக்கை சொன்னது. நான் வேறு வேறு வழியாக எழுதிப் பார்த்தேன். மாரி முதலில் மணி அடித்துவிட்டுப் பின்னால் போனால், அவன் சுற்றி வருவதற்குள் கூண்டு போய்விடும், டிரக் உள்ளே நுழையவே நுழையாது. தள்ளிவிட்டு முன்னால் வர வழியே இல்லை. எத்தனை கிளை பிரித்தாலும் அறிக்கையின் முடிவுக்கு ஒரு கிளையும் போய்ச் சேரவில்லை. கேட்டருகே ஷிப்டு பாஸை நிறுத்தி, அவசரத்தில் அவர் கையில் மணிக் கயிற்றைக் கொடுத்த உடனே எல்லாம் சரியாக வந்து பொருந்தியது. அப்புறம்தான் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். துணை ஆள் வரட்டும் என்று காத்திருந்தேன், ஷிப்டு பாஸ் தள்ளச் சொன்னார், தள்ளினேன், அவர்தான் மணி அடித்தார் என்றார். விசாரணையிலும் இதையேதான் சொன்னாராம்.

ஆபீசரிடம் போனேன். கண்ணாடியைத் துடைத்து, பென்சில் சீவி, பெப்பர்மிண்டு ஒதுக்கி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெல்மேன் கைக்கு மணி எட்டவில்லை சார் என்றேன். சக்கரத்தைப் பார்த்தபடி யோசித்தார். அவருடைய பொறியியல் மூளை வேலை செய்ததை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

"ஐடியலி, மேடை சின்னது. டிரக்கையும் சின்னதாப் பண்ணிடுங்க."

பண்ணினோம். லாசர் ரம்பத்தை எடுத்து டிரக்கின் பின்பாகத்தை அறுத்துத் தள்ளினான். இப்போது கை தாராளமாக எட்டியது. அறுத்த துண்டை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான், எடுத்துக்கொள் என்றேன்.

மறுநாள் ஒத்திகையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு மறுநாள் இன்னும் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஒத்திகை பார்த்தால் டிரக்கின் அளவே இதுதான் என்று நானே நம்பிவிடுவேன். அதனால் அந்த இடத்தில் எனக்காக ஒரு குறிப்பு எழுதி, நான்கு பக்கமும் அழுத்திக் கட்டம் கட்டினேன். 'டிரக் இதைவிட நீளம். ஆபீசர் சொல்லி வெட்டினோம். தள்ளுகிறவன் கைக்கு மணி எட்டாது. மணி அடித்தது கேட்டருகே நின்ற ஷிப்டு பாஸ். மறந்துவிடாதே.' என் வீரம் அவ்வளவுதான். கட்டத்துக்குள் அடங்குகிற அளவு.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரிகத்திலிருந்தும் சாம்பியன் ரீப்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து ஹால் நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில் முனிரத்தினமும் செல்லம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வராமல் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். திரை தூக்குகிற நேரத்தில் யாரும் எதிர்பாராமல் புது சூப்பரிண்டெண்ட் வந்து இறங்கினார். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்ல ஆள் வேண்டும் என்று ஆபீசர் என்னை முன்வரிசைக்கு இழுத்தார்.

வசனம் எடுத்துக்கொடுக்க யார்? கண்ணில் பட்டவர் தானியேல். தங்கக் கல் அரைக்கிற மில்லில் போர்மேன், சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிறவர், மைக் இல்லாமல் கடைசி பெஞ்சை எழுப்புகிற குரல். எழுதியிருப்பதில் ஒரு எழுத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாவம் என்று நம்புகிறவர். தாள்களை அவர் கையில் திணித்து, நூல் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஓடுகிற அவசரத்தில் ஒரே ஒரு கட்டளை இட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சிறந்த கட்டளை அது.

"எழுதி இருக்கறத அப்படியே சொல்லுங்கண்ணே."

சூப்பரிண்டெண்டுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஆபீசர். முதல் காட்சியில் ஹெல்மெட் போடாத சாமி என்பவன் வழக்கம்போல் செத்தான். அடுத்த காட்சி தொடங்கியதும் பக்கத்துத் திரையிலிருந்து தானியேலின் குரல் வந்தது. செத்துக் கிடந்த சாமி தலையைத் தூக்கினான், சபையைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, "இவன் போன காட்சியில் செத்துவிட்டான், மறுபடி பேசவைக்காதே" என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு மறுபடி செத்தான். ஹால் அதிர்ந்தது. என்ன சொல்கிறான் என்று சூப்பரிண்டெண்ட் கேட்டார். ஹெல்மெட்தான் உயிர் என்கிறான் சார் என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்து நல்ல மேஸ்திரி வந்தார். கையை உயர்த்தி, "இந்த வசனம் ஆபீசருக்காக, வேகமாகத் தாண்டிப் போ" என்று கர்ஜித்தார். ஆபீசரின் கன்னத்தில் பெப்பர்மிண்டு நின்றுவிட்டது. சேஃப்டி ஆபீசரின் அறிவுரையை வேகமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறார் சார் என்று மொழிபெயர்த்தேன். எழுந்து ஓடி தானியேலைத் தடுக்கலாம் என்று பார்த்தால், இடையில் பெரிய மனிதர்களின் முழங்கால்கள். எழுந்தேன், உட்காரச் சொன்னார்கள்.

மாரியின் காட்சி வந்தது. துணை ஆள் வரும்வரை மாரி காத்திருப்பதா, தானே தள்ளுவதா? ஒரு தட்டு, காத்திரு. இரண்டு தட்டு, தள்ளு. இத்தனை வருஷம் லாசரைக் கொன்று பார்த்த ஜனம், அன்றைக்கு ஒரு ஆள் பாக்கியில்லாமல் ஒரே ஒரு தட்டு தட்டியது. காத்திருக்கட்டும் என்றார்கள். மாரி யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் நான்தான் கிளையை மடக்கி வைத்திருந்தேனே. மாரி கொஞ்சம் காத்திருந்தான், பிறகு காரணமில்லாமல் அவசரப்பட்டுத் தள்ளப் போனான். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். அந்த நிமிஷம் என் எழுத்தை நானே வெறுத்தேன்.

லாசர் குட்டை டிரக்கைத் தள்ளினான். மணிக் கயிற்றை நோக்கிக் கை நீட்டினான். தானியேல், வேதபாடம் வாசிக்கிற அதே நிதானத்தில், கட்டத்தை வாசித்தார். லாசர் நீட்டிய கையோடு அப்படியே நின்று ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னான். டிரக் இதைவிட நீளம். ஆபீசர் சொல்லி வெட்டினோம். இரண்டாவது வரியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கையை இறக்கிவிட்டு, சபையைப் பார்த்து, நடிப்பே இல்லாமல் மீதியைச் சொன்னான். தள்ளுகிறவன் கைக்கு மணி எட்டாது. மணி அடித்தது கேட்டருகே நின்ற ஷிப்டு பாஸ். மறந்துவிடாதே.

பிறகு எங்கிருந்தோ மூன்று தட்டு கேட்டது. எங்கள் நாடகத்தில் மூன்று தட்டு கிடையாது. மறுபடி மூன்று, இந்த முறை பத்துப் பேர். அப்புறம் ஹால் முழுக்க மூன்று மூன்றாகத் தட்டியது.

என்ன சொன்னான், ஏன் மூன்று என்று சூப்பரிண்டெண்ட் கேட்டார். ஆபீசர் முந்திக்கொண்டு, பாதுகாப்பு விதிகளைப் பாராட்டுகிறார்கள் சார் என்றார். இவரைக் கேட்டேன் என்று சூப்பரிண்டெண்ட் என் பக்கம் திரும்பினார்.

எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. ஆனால் காலையிலிருந்து பொய்யாகவே மொழிபெயர்த்து, கையிலிருந்த இங்கிலீஷ் எல்லாம் செலவாகிவிட்டது. மிச்சமிருந்த இங்கிலீஷ் உள்ளதைச் சொல்லத்தான் போதுமானதாக இருந்தது. வரிக்கு வரி சொன்னேன். மூன்று தட்டு என்றால் கூண்டில் ஆள் ஏறுகிறான் என்று அர்த்தம், அந்த ஆள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னேன். அந்த வரிகளை யார் எழுதியது என்றார். நான்தான் என்றேன். அசல் டிரக் என்ன நீளம் என்று மட்டும் கேட்டார். நாளைக் காலையில் பார்த்துவிடுவோம் என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை எல்லாரும் கீழே இறங்கினோம். டிரக்கை வாசலில் நிறுத்தினார்கள். சூப்பரிண்டெண்ட் ஆபீசரைப் பின்னால் போய்த் தள்ளச் சொன்னார். வெள்ளை பூட்ஸ் முதல்முறையாகச் சேற்றில் இறங்கியது. தள்ளிக்கொண்டே மணி அடியுங்கள் என்றார். ஆபீசர் உயரமான மனிதர், கையை நீட்டினார், எக்கினார், டிரக்கின் இரும்பு விளிம்பில் டையோடு படுத்தும் பார்த்தார். கயிறு அங்கேயே தொங்கியது.

"ஐடியலி..." என்று ஆரம்பித்தார். சூப்பரிண்டெண்ட் பொறுமையாகக் காத்திருந்தார். அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை.

நீக்கல் உத்தரவு கையெழுத்தாகாமல் திரும்பியது. அதன்பின் நீதி எங்கள் ஊர் வழக்கப்படி நடந்தது. ஷிப்டு பாஸைக் கீழே வேலை பார்க்கத் தகுதியில்லை என்று மேலே கொண்டுவந்து, நிழலான உத்தியோகம் கொடுத்தார்கள். நிகழ்வுகளை ஆராய நாடகத்தைப் பயன்படுத்துவது தன் புது முயற்சி என்று ஆபீசர் வருடாந்தர அறிக்கையில் எழுதினார். நான்தான் அதை டைப் அடித்தேன். அடித்து முடித்ததும் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள், பூட்ஸும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொடுக்கிற இடம். இனிப் பாதுகாப்பு நாடகங்களில் பார்வையாளர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வெள்ளி டம்ளர் பல வருஷம் கழித்து, ஸ்டோரில் ஒழுங்காக இருந்ததற்குக் கொடுத்தது.

தானியேலைப் பார்த்து, ஏன் அண்ணே கட்டத்தையெல்லாம் வாசித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "கட்டம் கட்டி இருந்துச்சே தம்பி. முக்கியமானதுன்னு நெனச்சி இன்னும் ஒரக்கப் படிச்சேன்" என்றார். ஒருவேளை அந்தத் தாள்களைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தானோ என்னவோ.

ஸ்டோருக்கு மாறின சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் முனிரத்தினத்தின் லைன் வீட்டுப் பக்கம் போனேன். செல்லம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு மரப்பலகையைத் தூக்கிவந்து போட்டார். உட்காருவதற்கு நான்கு கால் பொருத்திய பலகை, ஒரு ஓரத்தில் ரம்பம் அறுத்த தடம், மறு ஓரத்தில் நாங்கள் டிரக்குக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட்.

"ஒக்காருங்க வாத்தியாரே. லாசரு குடுத்தது. ஒங்க ஆபீசரு வெட்டச் சொன்ன துண்டு."

உட்கார்ந்தேன். அகலமாகத்தான் இருந்தது. டீ வந்தது. அவர் எங்கே என்று கேட்டேன். செல்லம்மா முறத்தை எடுத்துக்கொண்டு, இது என்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"ரெண்டாம் ஷிப்டு. மணி அடிக்கப் போயிக்கிறாரு."